பக்கத்து வீட்டுக்காரர் போன் எடுத்த சனிக்கிழமை

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு இடது பக்கம் ஒரு யூதக் குடும்பம். வீடு வாங்கும்போது பள்ளிக்கூடம் எப்படி, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், பேஸ்மென்டில் தண்ணீர் ஏறுமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டோம். பக்கத்தில் யார் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நல்ல மனிதர்கள் என்றுதான் ஏஜென்ட் அம்மாள் சொல்லியிருப்பாள். நல்ல மனிதர்கள்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். என் தொல்லை சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை அவர்களுக்கு ஓய்வு நாள். விளக்கைப் போடக் கூடாது, அணைக்கக் கூடாது, அடுப்பு பற்றவைக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது, போனைத் தொடக் கூடாது. இது எனக்குப் புரியாத விஷயமில்லை. நானும் கட்டுப்பாடான முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு மார்க்க வகுப்பு எடுப்பவள். ஒருவர் தன் மார்க்கத்தை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வரும். ஆனால் அவர்கள் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. தாங்கள் செய்யக் கூடாததை வேறு மதத்துக்காரரைக் கூப்பிட்டு, செய்து கொடுங்கள் என்றும் கேட்கக் கூடாது. கேட்கக் கூடாது, ஆனால் ஜாடையாகச் சொல்லலாம். அந்த ஜாடைதான் என் உயிரை வாங்கியது.

குடிவந்த இரண்டாவது வாரம் சனிக்கிழமை அந்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், ஐம்பத்தைந்து வயது இருக்கும், நெஞ்சு வரை தாடி. தங்கள் வீட்டுச் சாப்பாடு முழுக்க ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது என்றார். நல்லது என்றேன். ஃபிரிட்ஜுக்குள் எரியும் பல்பை நேற்று கழற்றி வைக்க மறந்துவிட்டோம் என்றார். அப்படியா என்றேன். பிறகு இரண்டு பேரும் சும்மா நின்றோம். மனிதருக்குப் புத்தி சரியில்லையோ என்று எனக்குச் சந்தேகம். கதவைத் திறந்தால் பல்பு எரியும், பல்பு எரிந்தால் விளக்குப் போட்ட குற்றம், அதனால் கதவைத் திறக்க முடியாது, அதனால் சாப்பாடு இல்லை என்பதை நானே ஒவ்வொன்றாகக் கோத்துப் புரிந்துகொள்ளப் பத்து நிமிஷம் ஆனது. போய்க் கழற்றிக் கொடுத்தேன். மறுநாள் அவர் மனைவி பின்னல் போட்ட ரொட்டி ஒன்று கொண்டுவந்து தந்தாள். ரொட்டி நன்றாக இருந்தது.

அதோடு போச்சா? ஐந்து வருஷம். பாத்ரூம் இன்று ரொம்பப் பிரகாசமாக இருக்கிறது என்பார். ஹால் வெயில் காலம் போல் சுடுகிறது என்பார். ஒரு தடவை எரிச்சல் தாங்காமல், புரியாதது போல நடித்தேன். “அப்படியா, பாவம்” என்றேன். அவரும் “ஆமாம், பாவம்தான்” என்றார். எங்கள் போர்ட்டிகோவில் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நான்தான் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டு ஏசியைப் போடப் போனேன். நேராகக் கேட்டால் வாய் வலிக்குமா என்று என் வீட்டுக்காரரிடம் வந்து பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்தார். அவருக்கு என்ன, கூப்பிடுவது அவரையா?

என் வீட்டுக்காரர் பேச்சுக்கு வருகிறேன். அவருக்கு முப்பத்தைந்து வயதிலேயே சுகர் வந்தது, முப்பத்தெட்டில் இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டது. இனி ரமலான் நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதில் தப்பே கிடையாது. நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை, அதற்குப் பதிலாக ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்பது மார்க்கம் தெளிவாகக் கொடுத்த சலுகை. அதைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

வகுப்பில் சொன்ன அதே வாயால் வீட்டில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். அந்த ரமலானில் சமையலறை ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். மத்தியானம் திரையை இழுத்துவிட்டு அவரை அடுப்புப் பக்கம் நிற்கவைத்துச் சாப்பாடு கொடுத்தேன். காலிங்பெல் அடித்தால் தட்டு மைக்ரோவேவுக்குள் போகும். பள்ளிவாசலில் யாராவது அவரைப் பார்த்து “நோன்பா?” என்று கேட்டால், அவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். சாயங்காலம் எல்லோரோடும் உட்கார்ந்து பேரீச்சம்பழம் எடுத்து அவரும் நோன்பு திறப்பது போலத் திறப்பார். மார்க்க வகுப்பு எடுப்பவள் வீட்டிலேயே நோன்பு இல்லையாமே என்று நாலு பேர் பேசிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஊருக்குத்தான் உபதேசம்.

மூன்று ரமலான் இப்படிப் போயிற்று. நாலாவது ரமலான் 2007 செப்டம்பரில் வந்தது. முதல் நாளே அவர் என்னிடம் சொன்னார்: “ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிட்டது போதும். அதுக்கு நோன்பே வச்சிடலாம்.”

நான் கத்தினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், மார்க்கம் சொன்னதைச் சொன்னேன். கேட்கிற ஆளா? புராஜெக்ட் மேனேஜர், ஆபீஸில் முப்பது பேரை மேய்க்கிற மனிதர், தன் உடம்பையும் அப்படியே மேய்த்துவிடலாம் என்று நினைத்தார். விடியும் முன் இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொள்வாராம், கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுவாராம், சமாளித்துவிடுவாராம். எல்லாவற்றுக்கும் எக்ஸெல்லில் ஒரு அட்டவணை. முதல் ஒன்பது நாள் சமாளித்தார்.

பத்தாவது நாள் சனிக்கிழமை. யூதர்களுக்கும் அன்று நோன்பு, வருஷத்திலேயே பெரிய நோன்பு. முந்தின நாள் சூரியன் மறைவதற்கு முன்னாலேயே தொடங்கி இருபத்தைந்து மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. அதுவே ஓய்வு நாளிலும் வந்து விழுந்ததால் இரட்டைக் கட்டுப்பாடு. எங்கள் தெரு முழுக்கப் பசியில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு என் வீட்டுக்காரர் விரலில் குத்தி சுகர் பார்த்தேன். எண்பது. இறங்கிக்கொண்டிருக்கிறது, இப்போதே நோன்பை முறியுங்கள் என்றேன். எண்பது நார்மல், இன்னும் ஆறு மணி நேரம்தானே என்றார். செத்தால்தான் கேட்பீர்களா என்றேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். என்னமோ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, நோன்புக் கஞ்சிக்குக் கறி வாங்கப் போகிறேன் என்ற சாக்கில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கறி வீட்டிலேயே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போனேன். எண்பதில் இருந்த மனிதரைத் தனியாக விட்டுப் போனேன். அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

திரும்பி வரும்போது மூன்று மணி தாண்டியிருந்தது. எங்கள் தெரு முனையிலேயே பக்கத்து வீட்டு அம்மாள் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். வெள்ளை உடுப்பு, காலில் துணி ஷூ. அன்று தோல் செருப்பு போடக் கூடாது அவர்களுக்கு. கார் கண்ணாடியை இறக்கினேன். உன் கணவருக்கு உடம்பு சரியில்லை, என் கணவர் ஆம்புலன்ஸுக்கு போன் செய்திருக்கிறார் என்றாள்.

எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இதுவும் ஜாடை என்று நினைத்தேன். ஐந்து வருஷப் பழக்கம் அப்படி. அவராவது, சனிக்கிழமையாவது, அதுவும் பெரிய நோன்பன்று போனைத் தொடுவதாவது? நீ போன் பண்ணு என்பதைத்தான் இந்த அம்மாள் இப்படிச் சுற்றி வளைக்கிறாள் என்று முடிவு செய்து, காரை நடு ரோட்டிலேயே நிறுத்தி, அவசர எண் 911-ஐ அடித்தேன். எடுத்தவள் விலாசத்தைக் கேட்டாள். அந்த விலாசத்துக்கு ஏற்கெனவே வண்டி கிளம்பிவிட்டது, இன்னொரு போனில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், தயவுசெய்து லைனை விடுங்கள் என்றாள்.

எங்கள் வீட்டு டிரைவ்வேயில் என் வீட்டுக்காரர் கராஜ் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. பக்கத்தில் அந்த வாத்தியார் நீளமான வெள்ளை அங்கியோடு சிமென்ட் தரையில் முட்டி போட்டிருந்தார். என் வீட்டுக்காரரின் செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசியபடி, ஒரு கையால் அவர் தலையைப் பிடித்து, மறு கையால் திராட்சை ஜூஸை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்துக்கொண்டிருந்தார். தொழுகை இடைவேளைக்கு வீட்டுக்கு நடந்து வந்தவர்கள் நடைபாதையில் கூடி நின்றார்கள், எல்லோரும் அவர் கோயில்காரர்கள். சனிக்கிழமை தபால் கொண்டுவரும் ஆளும் தன் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் போனை வைத்துக்கொண்டு, நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து வாத்தியார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

என்னைப் பார்த்ததும் ஜாடை ஒன்றும் இல்லை. “கடைசியாக ஊசி எத்தனை மணிக்கு, எவ்வளவு?” என்று அதட்டிக் கேட்டார், வகுப்பில் பையனைக் கேட்கிற மாதிரி. சொன்னேன். அதை அப்படியே போனில் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தபோது என் வீட்டுக்காரருக்குத் தன் பெயர் ஞாபகம் வந்திருந்தது. மீட்டரில் நாற்பத்தொன்று. முதலில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இன்னும் கால் மணி நேரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் கதை வேறு என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ராத்திரி அங்கேயே வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். நோன்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் முகத்தில் அறைந்தாற்போல் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். மேலதிகாரி முன்னால் ஆட்டுகிற தலை அது. காரில் வரும்போது, மீதி நாளைக்கு வேறு மருந்து கேட்டுப் பார்க்கலாமா என்று ஆரம்பித்தார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவரை அடிக்கலாம் போல் இருந்தது.

ஞாயிறு காலை வாத்தியார் எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். என் வீட்டுக்காரர் மாடியில் படுத்திருந்தார். நன்றி சொல்லி முடித்ததும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஃபிரிட்ஜ் பல்பைக்கூடத் தொடாதவர் நீங்கள். பக்கத்திலேயே தபால்காரர் போனோடு நின்றார், அவர் யூதர் இல்லை. அவரைச் செய்யவிட்டிருந்தால் உங்கள் நாளும் கெட்டிருக்காது, வேலையும் நடந்திருக்குமே என்றேன்.

அவருக்கு என் மேல் கோபம் வந்த மாதிரி இருந்தது. என் நாள் கெட்டது என்று யார் சொன்னது என்று கேட்டார். உயிர் போகிற இடத்தில் ஓய்வு நாளை மீறுவது மன்னிக்கப்பட்ட குற்றமில்லை, அன்றைக்கு அதுதான் கடமை என்றார். பக்கத்தில் வேறு மதத்தவரோ சின்னப் பிள்ளையோ நின்றாலும் அவர்களைத் தேடிப் பிடித்துச் செய்யச் சொல்லாமல், தங்களிலேயே விஷயம் தெரிந்த பெரியவர் முன்னால் வந்து, எல்லோரும் பார்க்கத் தன் கையால் செய்ய வேண்டும் என்பது சட்டமாம். ஏன் என்று கேட்டேன்.

“நான் அவரிடம் தள்ளிவிட்டால், பார்க்கிறவன் இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைப்பான். அடுத்த தடவை ஒருவர் விழும்போது அவன் தபால்காரரைத் தேடி ஓடுவான். ஓடி வருவதற்குள் விழுந்தவர் போய்விடுவார்.”

இன்னொன்றும் சொன்னார். நோயாளி கிடக்கும்போது, மீறலாமா என்று குருவிடம் கேட்கப் போகிறவன் இரத்தம் சிந்துகிறவனுக்குச் சமம். அப்படிக் கேட்க ஒருவன் வருகிற நிலையில் வைத்திருந்தால் அந்தக் குருவுக்கும் வெட்கக்கேடு, ஏனென்றால் அவர் அதை முன்கூட்டியே ஊரறியச் சொல்லித் தந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் யூதர் இல்லையே, அவருக்காகவும் மீறலாமா என்று கேட்டேன். அதைப் பற்றிப் பெரியவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், உங்கள் வீட்டு டிரைவ்வேயில் அதையெல்லாம் புரட்ட எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போன பிறகு சமையலறைக்கு வந்தேன். அந்தத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாத்தியார் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. ஐந்து வருஷம் சுற்றி வளைத்துப் பேசியே கொன்ற மனிதர், நேராகப் பேச வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை இவ்வளவு நேராகப் பேசிவிட்டுப் போகிறாரே என்று. பிறகு என் மேல் வந்தது. என் வீட்டுக்காரரைப் பிடிவாதக்காரர் என்று ஊரெல்லாம் சொல்கிறேன்; அல்லாஹ் கொடுத்த சலுகையைத் திருட்டுச் சோறாக மாற்றி அவர் கையில் கொடுத்தவள் யார்? அந்தச் சோறு இறங்காமல்தானே அவர் நோன்பு வைத்தார்.

மத்தியானத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆறேழு பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். எல்லோரும் நோன்பாளிகள். அவர்களில் ஒரு அங்கிள். எங்கள் ஆட்களில் மூத்தவர், முதலில் இங்கே வந்தவர், எழுபது நெருங்குகிறது. நான் யாருக்குப் பயந்து திரை போட்டேன் என்று ஒரு ஆளைக் காட்டச் சொன்னால் அவரைத்தான் காட்டுவேன். பிளேனில் வந்தபோதுகூட நோன்பை விட்டதில்லை என்று வருஷா வருஷம் சொல்வார். என் வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்தார். எல்லோரும் விசாரித்தார்கள். அவர் வெயிலில் நின்றதால் மயக்கம் என்றார். சுகர் என்ற வார்த்தையே வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல அடுத்த நாள் விடியலுக்கு முன் மறுபடி நோன்பு வைக்க அவர் எழுந்து உட்காரப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. இவர் சாகத்தான் போகிறார், நானும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கப் போகிறேன்.

மணி ஒன்றரை. அவர் சாப்பிட வேண்டிய நேரம். சோறு, பருப்பு, பொரித்த மீன், ஒரு தம்ளர் தண்ணீர். தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, நோன்பாளிகள் அத்தனை பேர் நடுவில், டீப்பாயில் அவர் முன்னால் வைத்தேன். மீன் வாசம் ஹால் முழுக்கப் பரவியது. மீனை வேண்டுமானால் பொரிக்காமல் இருந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

“அவருக்கு மயக்கமில்ல, சுகர். நாலு வருஷமா இன்சுலின். இத்தனை நாளும் நோன்புன்னு நான் உங்ககிட்ட சொன்னது பொய்” என்றேன். “சாப்பிடுங்க. எல்லார் முன்னாடியும் சாப்பிடுங்க.”

அவர் கையை நீட்டவில்லை. நான் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்தேன். கல்யாணமான பதினாலு வருஷத்தில் யார் முன்னாலும் அவர் கையைக்கூடத் தொட்டதில்லை. அவர் வாயைத் திறந்தார். வாங்கி மென்று விழுங்கிவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் அங்கிளின் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவ எழுந்தேன்.

அங்கிள் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்துவிட்டார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைவிரல்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

“எனக்கும் ஊசிதான்மா, ஆறு வருஷமா. என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். காலையிலேர்ந்து ஒரு மாதிரி வருது” என்றார். “கொஞ்சம் தண்ணியும் சோறும் குடு.”

நான் தட்டு எடுத்தேன். இங்கேயே நின்று சாப்பிட்டுவிடுகிறேன் என்று சொல்லி அவர் ஜன்னல் திரையை இழுக்கக் கையைத் தூக்கினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவர் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார வைத்தேன்.